பிடி அரிசியும் பிடி கீரையும்



"சிங்கப்பூரில் பசியா?" என்று வியப்போடு கேட்பவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தடுக்கி விழுந்தால் உணவங்காடி, விடிய விடியத் திறந்திருக்கும் காப்பிக் கடை, தேக்கா சந்தையில் குவிந்து கிடக்கும் காய்கறி. போதாக்குறைக்கு, உலக உணவுப் பாதுகாப்புக் குறியீட்டில் 2018-லும் 2019-லும் முதலிடம் பெற்ற நாடு இது. இங்கே யார் பட்டினி கிடக்கப் போகிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் எண்களிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் லியன் சமூகப் புத்தாக்க நிலையமும் சிங்கப்பூர் உணவு வங்கியும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2020-ல் வெளிவந்தன. ஆய்வுக்கு முந்தைய 12 மாதங்களில் ஒரு முறையேனும் போதிய, சத்தான உணவு கிடைக்காமல் இருந்த குடும்பங்கள் 10.4 விழுக்காடு. அதாவது பத்தில் ஒரு குடும்பம்! அவற்றில் ஐந்தில் இரண்டு குடும்பங்களுக்கு மாதம் ஒரு முறையாவது அந்த நிலை வந்திருக்கிறது. உலகக் குறியீடு நாட்டின் கிடங்கைப் பார்த்தது. இந்த ஆய்வு வீட்டின் அடுப்பைப் பார்த்தது. இரண்டும் ஒரே காலத்தின் உண்மைகள்தாம்.

அதே ஆய்வில் நம்மை இன்னும் உறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உணவுக்குத் திண்டாடிய குடும்பங்களில் உதவி தேடிச் சென்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒன்று மட்டுமே. மற்றவர்கள் ஏன் போகவில்லை? உதவி இருப்பதே தெரியவில்லை, கேட்க வெட்கமாக இருக்கிறது, நம்மைவிடக் கஷ்டப்படுபவர்கள் இருப்பார்கள் என்று விட்டுவிட்டோம். இவையே அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள். ஆகவே உணவுப் பொட்டலங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் இந்தப் பசி தீராது. தெரியாமை, வெட்கம், தயக்கம் ஆகிய மூன்றையும் உடைக்கிற உதவி எது என்பதே கேள்வி.

நமது பதில் எளிமையானது. ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு சமூகத் தோட்டம். அதன் விளைச்சலில் பசித்த வீட்டுக்கு உறுதியான ஒரு பங்கு. அந்தத் தோட்டத்தின் வழியே அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய உரிமைகள். இதை எங்கோ ஓர் ஊரை வைத்துப் பேசாமல், சுவா சூ காங்கை வைத்தே பேசுவோம்.

சுவா சூ காங் எங்கே, சிராங்கூன் சாலை எங்கே?

சுவா சூ காங் என்ற பெயரே பயிர்த்தொழிலில் பிறந்த பெயர். சுவா என்பது ஒரு சீனக் குடும்பப் பெயர். காங் என்றால் ஆறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தியோச்சூ சீனர்கள் ஆற்றங்கரைகளில் குடியேறி கேம்பியரும் மிளகும் பயிரிட்ட காலத்தின் அடையாளம் அது. பின்னர் ரப்பர், அன்னாசி, தென்னை என்று மாறி, எண்பதுகளின் இறுதியிலிருந்து அடுக்குமாடி நகரமாக வளர்ந்தது. 1990-ல் எம்ஆர்டி வந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் ஏறத்தாழ 190,000 பேர்.

அந்த மக்களில் நம்மவரும் இருக்கிறார்கள். ஆனால் சேர்ந்து ஓரிடத்தில் இல்லை. 1989-ல் கொண்டுவரப்பட்ட இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு பேட்டைக்கும் ஒவ்வொரு புளோக்குக்கும் இன விகித வரம்பு உண்டு. இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கு அது 2010 முதல் பேட்டைக்கு 12 விழுக்காடு, புளோக்குக்கு 15 விழுக்காடு. அந்தக் கொள்கையின் நன்மை தீமைகளை வேறொரு நாள் விரிவாகப் பேசலாம். இங்கே நாம் கவனிக்க வேண்டிய விளைவு ஒன்றே. மக்கள் தீவெங்கும் பரவினார்கள். சமூகத்தின் அடுப்பு சிராங்கூன் சாலையிலேயே நின்றுவிட்டது.

ஆலய அன்னதானம், மலிவான சாப்பாட்டுக் கடை, கடனுக்கு அரிசி கொடுக்கும் பழகிய மளிகைக் கடைக்காரர் எல்லாம் அங்கே. கணவரை இழந்து, பிள்ளைகள் வேறு பேட்டையில் இருக்க, சுவா சூ காங்கில் வாடகை வீட்டில் தனியாக வாழும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். எல்ஆர்டியில் புக்கிட் பாஞ்சாங் போய், அங்கிருந்து டௌன்டவுன் வழித்தடத்தில் லிட்டில் இந்தியா போய், நடந்து ஆலயம் சேர்ந்து, பந்தியில் அமர்ந்து சாப்பிட்டுத் திரும்ப அரை நாள் ஆகும். முட்டிவலி உள்ளவர் தினமும் அதைச் செய்வாரா? அவருடைய புளோக்கில் தமிழில் பேச ஆள் இருந்தால் அதுவே அதிர்ஷ்டம். அவர் பசித்திருக்கிறார் என்பது யாருக்குத் தெரியும்?

சிறுபான்மையினரின் பசிக்கு உள்ள தனித்தன்மை இதுதான். எண்ணிக்கையில் சிறியது, இடத்தால் சிதறியது, மொழியால் மறைந்தது. இது நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அதே மாடியில் உள்ள மலாய் மாக்சிக்குக்கும், பிள்ளைகள் வராத சீன ஆன்ட்டிக்கும் இதே கதை இருக்கலாம்.

தோட்டத்தால் முடிவது, முடியாதது

தேசியப் பூங்காக் கழகம் 2005-ல் 'கம்யூனிட்டி இன் புளூம்' என்ற சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று தீவெங்கும் 2,000-க்கும் மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன. 2016 முதல் பூங்காக்களில் தனிநபர்களுக்குப் பாத்திகள் வாடகைக்கு விடப்படுகின்றன. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். கொரோனா காலத்தில், 2020-ல், வீடுகளுக்குக் காய்கறி விதைகள் இலவசமாக அனுப்பப்பட்டன. ஆக, விதைக்கும் ஆர்வத்துக்கும் குறைவில்லை.

ஆனால் மிகைப்படுத்த வேண்டாம். சிங்கப்பூர் உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது நாம் பட்ட பாடு நினைவிருக்கும். 2030-க்குள் 30 விழுக்காட்டு உணவுத் தேவையை இங்கேயே விளைவிப்போம் என்று 2019-ல் அறிவித்த அரசாங்கமே, 2025 நவம்பரில் அந்த இலக்கைக் கைவிட்டு, 2035-க்கான வேறு இலக்குகளை வைத்தது. பெரிய பண்ணைகளே திணறும்போது, புளோக்குக்குக் கீழே உள்ள நான்கு பாத்திகள் ஒரு நகரத்துக்குச் சோறு போடும் என்று சொன்னால் அது ஏமாற்று.

பிறகு எதற்குத் தோட்டம்? உணவு உதவிப் பைகளைத் திறந்து பாருங்கள். அரிசி, மீகூன், பிஸ்கட், டின் மீன், மைலோ. கெடாமல் இருப்பவை மட்டுமே பையில் ஏறும். அதில் தவறில்லை. ஆனால் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ள ஒருவர் மாதம் முழுதும் அதையே உண்ண முடியுமா? அந்தப் பையில் இல்லாதது பச்சைக் கீரை. அதைத்தான் தோட்டம் கொடுக்கும். முளைக்கீரை விதைத்து 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். மலாய்க்காரர்கள் அதையே பாயம் என்கிறார்கள். காங்கோங் மூன்று நான்கு வாரத்தில் தயார். வெட்டினால் மறுபடி தளிர்க்கும். பொன்னாங்கண்ணியும் சர்க்கரைவள்ளி இலையும் குச்சி நட்டாலே வரும். கறிவேப்பிலையும் பாண்டான் இலையும் ஒரு முறை வேரூன்றினால் ஆண்டுக்கணக்கில் கொடுக்கும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் நம் முன்னோரைக் காப்பாற்றியவை மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. உணவுப் பைக்கு வரிசையில் நிற்பவர் வாங்குபவர் மட்டுமே. தோட்டத்துக்கு வரும் பாட்டியோ கற்றுக்கொடுப்பவர். எந்தக் கீரைக்கு எவ்வளவு தண்ணீர், எந்தப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் என்பது அவருக்குத் தெரியும். பட்டம் பெற்ற நமக்குத் தெரியாது. அறுவடை நாளில் ஒரு கட்டுக் கீரையோடு அவர் வீடு திரும்பினால் அது பிச்சை ஆகாது, அவர் பங்கு. வெட்கம் அங்கே கரைந்துபோகும்.

நிலமில்லாதவரிடம் 'பயிரிடு' என்றால்?

இதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. இலங்கை அதற்குச் சாட்சி. 2021-ல் அங்கே இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது. அந்நியச் செலாவணியும் தீர்ந்து, உணவு விலை விண்ணைத் தொட்டது. 2022 ஜூனில் அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? அரசு ஊழியர்களுக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டுத் தோட்டத்தில் பயிரிடுங்கள் என்றது! அதிகாரத்தில் இருந்தவர்களின் முடிவால் வந்த பசியை, மக்கள் மண்வெட்டி எடுத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். மலையகத் தமிழனின் நிலையைச் சொல்லவே வேண்டாம். தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தும், லயன் அறைக்கு வெளியே தனக்கென்று உரிமைப் பத்திரம் உள்ள நிலமில்லாத பல்லாயிரம் குடும்பங்கள் எங்கே விதைப்பது?

ஆகவே தோட்டம் என்ற பேச்சை யார் எடுத்தாலும் நாம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். நிலம் யாருடையது? கொடுக்க வேண்டிய கடமை உள்ளவர் கையைக் கழுவிக்கொள்ள இது சாக்காகிறதா? தொண்டு செய்பவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்கத் தயங்கினால், அவர்கள் தொண்டு பசியை மூடி மறைக்கும் பாயாகிவிடும்.

தொண்டிலிருந்து உரிமைக்கு

தொண்டை உரிமைக்கு வாசலாக ஆக்கிக் காட்டியவர்கள் நம்மிடையே உண்டு. லிட்டில் இந்தியாவின் கஃப் ரோட்டில் 2008-ல் டிடபிள்யூசி2 என்ற வெளிநாட்டு ஊழியர் நல அமைப்பு இலவச உணவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வேலையிடத்தில் காயம்பட்டு, இழப்பீட்டு வழக்கு முடியும்வரை வேலை செய்யவும் முடியாமல், ஊருக்குத் திரும்பவும் முடியாமல் தவிக்கும் தமிழ்நாட்டு, பங்ளாதேஷ் இளைஞர்களுக்கான சாப்பாடு அது. ஆனால் வெறும் சாப்பாட்டோடு அது நிற்கவில்லை. உண்ண வருபவரின் பிரச்சினை என்ன, சம்பளப் பாக்கியா, காயமா, முதலாளி கைவிட்டாரா என்று தொண்டர்கள் கேட்டறிந்தார்கள். சாப்பாட்டு மேசையே வழக்கு உதவிக்கு வாசலானது. பலரிடம் தனித்தனியே கேட்டவற்றைச் சேர்த்துப் பார்த்து, சட்டத்தில் எங்கே ஓட்டை என்று அரசாங்கத்திடம் எடுத்துச் சொல்லவும் முடிந்தது.

தமிழ்நாட்டு வரலாறும் இதையே சொல்கிறது. காமராசர் காலத்தில் 1956-ல் பள்ளி மதிய உணவு பரவியபோது, ஊர் மக்களின் நன்கொடையும் ஆசிரியர்களின் உழைப்பும் அதைத் தாங்கின. அடுப்பங்கரையில் தினம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்கும் நம் பெண்களின் பழைய வழக்கத்துக்கு அது அயலானது அல்ல. அரசு அதைத் தன் பொறுப்பாக ஏற்றது; 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கினார். 2001 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் ஊர் கூடிக் கொடுத்த சோறு, சட்டம் உறுதி செய்த சோறாயிற்று!

நம் கீரைக் கட்டும் அந்த வழியில் நடக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வழக்கறிஞர் என்பதால் பலர் நம்மிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே சுருக்கமாகப் பதில் சொல்கிறோம்.

முதலாவது: புளோக்குக்குக் கீழே காலியாக உள்ள இடத்தில் நாமே விதைக்கலாமா? கூடாது. பொது இடமும் அரசு நிலமும் அனுமதியின்றித் தொடத்தக்கவை அல்ல. குடியிருப்பாளர்கள் குழுவாகச் சேர்ந்து, நகர மன்றத்தின் ஒப்புதலோடு, பூங்காக் கழகத்தின் திட்டத்தில் பதிந்து தொடங்குவதே முறை. தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கி கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் மட்டுமல்ல, தோட்டத்தின் பெயரும் கெடும்.

இரண்டாவது: கொடுத்த உணவால் யாருக்காவது வயிறு கெட்டால் வழக்கு வருமா? இந்தப் பயத்தாலேயே பல கடைகளும் ஆலயங்களும் மிஞ்சிய உணவைக் கொட்டிவிடுகின்றன. 2022-ல் மட்டும் சிங்கப்பூரில் 813,000 டன் உணவுக் கழிவு உருவானது. இந்தப் பயத்தைப் போக்க 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நல்ல சமாரியர் உணவு நன்கொடைச் சட்டத்தை நிறைவேற்றியது. நிபந்தனைகள் நான்கு. கைவிட்டுப் போகும்போது உணவு கெடாமல் இருக்க வேண்டும். எப்படிப் பாதுகாப்பது என்று பெறுபவரிடம் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்று சொல்ல வேண்டும். உணவுச் சுகாதார விதிகளைப் பின்பற்றியிருக்க வேண்டும். இவற்றைக் கடைப்பிடித்துக் கொடுப்பவரைச் சட்டம் பாதுகாக்கிறது. கட்டோடு ஒரு துண்டுச் சீட்டு, நான்கு மொழிகளிலும், போதும்.

மூன்றாவது: உதவி கேட்பது நம் உரிமையா, அவர்கள் தயவா? அரசமைப்புச் சட்டத்தின் 152-ஆவது பிரிவு, சிறுபான்மை இனத்தவர், சமயத்தவரின் நலனை இடைவிடாது பேணும் பொறுப்பை அரசாங்கத்தின் மீது வைக்கிறது. 153-அ பிரிவு தமிழை நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக வைக்கிறது. சிறுவர் உரிமை உடன்படிக்கையில் சிங்கப்பூர் 1995-ல் சேர்ந்தது. பிள்ளைகளுக்குச் சத்தான உணவு என்பது அதில் அடங்கும். இந்தப் பிரிவுகளைக் காட்டி நீதிமன்றத்தில் நேரே சோறு வாங்கிவிட முடியாது என்பதும் உண்மை. ஆனால் காம்கேர் உதவி 2005 முதல் இருக்கிறது. சுவா சூ காங்கிலேயே சமூக சேவை அலுவலகம் இருக்கிறது. அங்கே போய்த் தமிழில் விளக்கம் கேட்பது யாருடைய தயவும் அல்ல. விண்ணப்பம் ஏற்கப்படவில்லையா? காரணம் கேளுங்கள். நிலைமை மாறினால் மறுபடி விண்ணப்பியுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். கூட ஒருவர் துணைக்கு வந்தால் பாதிப் பயம் போய்விடும். அந்தத் துணையாக யார் போவது? தோட்டத்தில் பழகிய தொண்டர்தான்!

இனி நாம் செய்ய வேண்டியவை

1. சுவா சூ காங்கிலும் அதை ஒட்டிய இயூ டீ, டெக் வாய் பகுதிகளிலும் ஏற்கெனவே உள்ள தோட்டங்களில் முதலில் சேருங்கள். புதிதாகத் தொடங்குவதைவிட இருப்பதில் ஒரு பாத்தி கேட்பது எளிது. நம்மவர் மட்டும் தனிக்குழுவாக நிற்க வேண்டாம். பசிக்கு இனமில்லை, பாத்திக்கும் இனம் வேண்டாம்.

2. பாத்திகளில் ஒரு பகுதியைப் பங்குப் பாத்தி என்று எழுதி வையுங்கள். மிஞ்சியதைக் கொடுப்போம் என்றால் ஒருநாளும் மிஞ்சாது. அழகுச் செடியைக் குறைத்து, 30 நாளில் பறிக்கும் கீரையைக் கூட்டுங்கள். வாரம் தவறாமல் அறுவடை இருக்கும்படி வெவ்வேறு வாரங்களில் விதையுங்கள்.

3. கீரைக் கட்டை வருகிற எல்லாருக்கும் கொடுங்கள். வருமானச் சான்று கேட்காதீர்கள். படம் எடுத்துப் போடாதீர்கள். வசதி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே கட்டை எடுத்துச் சென்றால், யார் பசித்தவர் என்று ஊருக்குத் தெரியாது. படி இறங்க முடியாதவருக்கு மாடிக்கே கொண்டு போய்க் கொடுங்கள். போன இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பேசுங்கள்.

4. ஒவ்வொரு தோட்டத்திலும் காம்கேர், பள்ளி நிதியுதவி, முதியோர் உதவி பற்றிய விவரம் தெரிந்த இருவர் இருக்கட்டும். அவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். பாரம் நிரப்பிக் கொடுப்பதும் கூடப் போவதும் அவர்கள் வேலை.

5. ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். சிராங்கூன் சாலையின் அன்னதானம் நம் பெருமை. அதில் ஒரு பங்கு, வாரம் ஒரு நாளாவது, பேட்டைகளுக்குப் போகட்டும். புதிய சட்டம் அதற்குத் துணை நிற்கிறது.

6. யாருக்கு எந்த உதவி கிடைத்தது, எது மறுக்கப்பட்டது, எங்கே மொழி தடையானது என்பதைப் பெயர் வெளியிடாமல் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்புகளே நாளை நாம் முன்வைக்கும் கோரிக்கைக்கு ஆதாரம்.

வாசகர்களே! வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கேட்கிறோம். பணம் கொடுத்துவிட்டு ஒதுங்குவது எளிது. கையில் மண்பட நின்று, பக்கத்து வீட்டாரின் பெயரைத் தெரிந்துகொள்வதுதான் கடினம். இரண்டாவதைச் செய்பவருக்கே யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரியவரும். தெரிந்த பிறகு சும்மா இருக்க நம்மால் முடியாது. அப்போது கீரைக் கட்டோடு நிற்க மாட்டோம். விண்ணப்பத்தோடும், கோரிக்கையோடும், தேவைப்பட்டால் கண்டனத்தோடும் போவோம்.

பாத்திக்கு நிலம் கேட்போம்! பங்குக்கு விதைப்போம்! உரிமையை விட்டுக்கொடோம்!